கடைசி நொடிக்கு முன்னால்: பயங்கரவாதத்தை எதிர்க்கும் அரசும் சர்வதேசச் சட்டமும்

1988 மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினின் தென்முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான ஜிப்ரால்டரில் ஒரு வெள்ளை ரெனோ கார் நின்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை காவல் மாற்றும் சடங்குக்காக ராணுவ பேண்ட் குழுவினர் கூடவிருந்த இடம் அது. காரைக் கொண்டுவந்து விட்டவர் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுத இயக்கத்தைச் சேர்ந்தவர். கூட இன்னும் இரண்டு பேர். மூவரையும் பிரிட்டிஷ் உளவுத்துறை பின்தொடர்ந்துகொண்டிருந்தது.

வெடிகுண்டு நிபுணர் ஒருவர் காரை வெளியிலிருந்து பார்த்தார். கார் புதுசு, ஆனால் ஏரியல் பழசு, துருப்பிடித்தது. பொருந்தவில்லையே என்று அவருக்குச் சந்தேகம். ரேடியோ மூலம் வெடிக்கவைக்கும் குண்டாக இருக்கலாம் என்றார். அந்த ‘இருக்கலாம்’, களத்தில் நின்ற சிறப்புப் படை வீரர்களிடம் ‘இருக்கிறது’ என்றாகிப் போய்ச் சேர்ந்தது. சந்தேக நபர்களின் கை பாக்கெட் பக்கம் போனால் பட்டனை அழுத்திவிடுவார்கள் என்ற நினைப்பிலேயே வீரர்கள் நின்றிருந்தார்கள். சற்று நேரத்தில் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யாரிடமும் துப்பாக்கி இல்லை, பட்டன் இல்லை. காரில் குண்டும் இல்லை.

அப்பாவிகளா என்றால் அதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்து ஸ்பெயினின் மார்பெய்யா நகரில் இன்னொரு கார் கிடைத்தது. அதில் 64 கிலோ செம்டெக்ஸ் வெடிமருந்து. வெள்ளை ரெனோ, குண்டுக் காருக்காக இடம் பிடித்து வைக்க வந்த வண்டி, அவ்வளவுதான்.

வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 1995 செப்டம்பரில் பத்து நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒன்பது பேர் மறுபக்கமுமாகப் பிரிந்து தீர்ப்பு வந்தது: பிரிட்டன் வாழும் உரிமையை மீறியிருக்கிறது. ஆனால் சுட்ட வீரர்களை நீதிமன்றம் குற்றம் சொல்லவில்லை. தங்களுக்குச் சொல்லப்பட்டதை உண்மை என்று நம்பித்தான் சுட்டார்கள் என்று ஏற்றுக்கொண்டது. அது கேட்டதெல்லாம் அதற்கு முந்தைய மணிநேரங்களைப் பற்றித்தான். இவர்களை எல்லையிலேயே ஏன் நிறுத்தவில்லை? உளவுத் தகவல் தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று திட்டமிட்டவர்கள் யோசித்தார்களா? சுட ஆரம்பித்தால் உயிர் போகும்வரை சுடப் பழக்கப்பட்டவர்களிடம் அரைகுறைத் தகவலை முழு உண்மையாகக் கொடுத்தது சரியா?

இறந்தவர்கள் குண்டு வைக்கத் திட்டமிட்டவர்கள் என்பதால் குடும்பங்களுக்கு இழப்பீடு ஒரு பென்னிகூட இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பலருக்கு இது முரணாகத் தெரியும். எனக்கு இந்தத் துறையின் மொத்தச் சாரமும் இந்த ஒரு தீர்ப்பில் இருப்பதாகத் தோன்றுகிறது. அவன் பயங்கரவாதியா என்பது ஒரு கேள்வி. அரசு அதுவரை என்ன செய்தது, அதன் பிறகு என்ன செய்தது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கும். டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் நாம் சண்டை போடுவது பெரும்பாலும் கடைசி நொடியைப் பற்றி. சட்டம் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கிறது.

பெயர் வைப்பதிலேயே தகராறு

பயங்கரவாதம் என்றால் என்ன என்பதற்கு எல்லா நாடுகளும் கையெழுத்திட்ட ஒரே விளக்கம் இன்றுவரை இல்லை. முயற்சி செய்யாமல் இல்லை. 1934ல் யுகோஸ்லாவிய மன்னர் அலெக்சாண்டர் பிரான்ஸின் மார்செய் நகரில் கொல்லப்பட்டதும், ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) 1937ல் ஓர் உடன்படிக்கை எழுதியது. அதற்கு முறையாக ஒப்புதல் கொடுத்த ஒரே நாடு, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியா. உடன்படிக்கை நடைமுறைக்கு வராமலேயே செத்துப்போனது. 1996ல் இந்தியாவே ஐ.நா.வில் ஒரு விரிவான உடன்படிக்கைக்கான வரைவை முன்வைத்தது. அதுவும் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. விடுதலைப் போராட்டத்தை எதில் சேர்ப்பது, அரசின் ராணுவமே மக்களை அச்சுறுத்தினால் அதை என்னவென்று அழைப்பது என்ற இரண்டு இடங்களில் வண்டி சிக்கி நிற்கிறது.

விளக்கம் இல்லாவிட்டாலும் வேலை நடக்கிறது. விமானக் கடத்தல், பணயக்கைதி பிடித்தல், குண்டு வைத்தல் என்று ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி உடன்படிக்கைகள் இருக்கின்றன. பயங்கரவாதத்துக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்கும் 1999 உடன்படிக்கை, மக்களை அச்சுறுத்தவோ ஓர் அரசை நிர்ப்பந்திக்கவோ சாதாரணக் குடிமக்களைக் கொல்வது என்ற பொருளில் ஓரளவு தெளிவான விளக்கமும் தருகிறது. ஆனால் பொது விளக்கம் இல்லாததன் விலை வேறு இடத்தில் தெரியும். 2001 செப்டம்பர் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 1373ஆம் தீர்மானம், பயங்கரவாதத்தைக் குற்றமாக்கியே தீரவேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் கட்டளையிட்டது, எது பயங்கரவாதம் என்று சொல்லாமலே. விளைவை ஊகிக்கலாம். தங்களுக்குப் பிடிக்காத பத்திரிகையாளரையும் போராட்டக்காரரையும் உள்ளே தள்ள வசதியான சட்டங்களை எழுத, பல அரசுகளுக்கு ஐ.நா. முத்திரையே கிடைத்துவிட்டது.

போரா, போலீஸ் வேலையா?

எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி இது. சட்டத்தில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று மனித உரிமைச் சட்டம். அதன்படி அரசு ஓர் ஆளைக் கொல்லலாம் என்றால், வேறு வழியே இல்லை, உடனடியாக இன்னொரு உயிர் போகப்போகிறது என்ற நிலை வேண்டும். போலீஸ் விதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று போர்ச் சட்டம், அதாவது 1949ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கைகளும் அவற்றின் 1977 இணைப்புகளும். அதன்படி எதிரிப் படைவீரர் தூங்கிக்கொண்டிருந்தாலும் தாக்கலாம். ஆனால் சரணடைந்துவிட்டால், காயம்பட்டு விழுந்துவிட்டால் தொடக் கூடாது. பிடித்தால் மனிதராக நடத்த வேண்டும்.

இரண்டில் எதை எடுத்தாலும் கூடவே கட்டுப்பாடும் வருகிறது. அரசுகளின் ஆசையோ, இரண்டிலிருந்தும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்வது. கொல்லும்போது இது போர். பிடித்தபின் அவன் குற்றவாளி. கைதிக்கு உரிமை கேட்டால் இரண்டுமே இல்லை. 2002 ஜனவரியில் அமெரிக்கா திறந்த குவாண்டனாமோ முகாமின் தத்துவம் கிட்டத்தட்ட இதுதான். சுமார் 780 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். போர்க்கைதியும் இல்லை, சாதாரணக் கைதியும் இல்லை, ‘சட்டவிரோதப் போராளி’ என்றார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2006ல் அதை ஏற்க மறுத்தது. நான்கு ஜெனிவா உடன்படிக்கைகளிலும் பொதுவாக உள்ள மூன்றாவது பிரிவின் குறைந்தபட்சப் பாதுகாப்பு இவர்களுக்கும் உண்டு என்றது. 2008ல், அங்குள்ளவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாம் என்றது. எந்தச் சட்டமும் எட்டாத ஓட்டை என்று ஒன்றை விட்டுவைக்கக் கூடாது என்பதே இரண்டுக்கும் அடிப்படை.

போர் என்றே ஒத்துக்கொண்டாலும் பகலில் கடை நடத்தி இரவில் ராக்கெட் ஏவுபவரை என்ன செய்வது? சாதாரணக் குடிமகன் நேரடியாகச் சண்டையில் ஈடுபடும் காலத்துக்கு மட்டும் பாதுகாப்பை இழக்கிறான் என்கிறது 1977ஆம் ஆண்டு இணைப்பு. அந்தக் ‘காலம்’ எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதுதான் வழக்கு. சுழல்கதவு மாதிரி உள்ளே வெளியே போய்வருபவரை எப்போதுமே தொட முடியாது என்றால் எந்த ராணுவமும் ஒப்புக்கொள்ளாது. ஒருமுறை ஈடுபட்டவர் வாழ்நாள் முழுக்க இலக்கு என்றால் சட்டத்துக்கு அர்த்தமே இல்லை. குழுவில் தொடர்ந்து சண்டையிடுவதையே வேலையாகக் கொண்டவர் ஒரு வகை, எப்போதாவது கைகொடுப்பவர் வேறு வகை என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 2009ல் ஒரு வழி சொன்னது. இயக்கத்துக்குச் சமைத்துப்போடுபவரும் பணம் வசூலிப்பவரும் அந்த முதல் வகையில் வரமாட்டார்கள். எல்லா ராணுவங்களும் இதை ஏற்கவில்லை.

இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் இதே சிக்கலை எடுத்துக்கொண்டது. பெயர் குறித்துக் கொல்லும் தாக்குதல்கள் சட்டப்படி சரியா என்ற மனு. எப்போதும் சரி என்றும் சொல்ல முடியாது, எப்போதும் தவறு என்றும் சொல்ல முடியாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. தகவல் உறுதியானதா, கைதுசெய்ய வழியிருந்ததா, சுற்றி இருப்பவர்களுக்கு ஏற்படும் சேதம் கிடைக்கும் ராணுவப் பலனைவிட மிஞ்சிப்போகிறதா, தாக்குதலுக்குப் பிறகு சுயேச்சையான விசாரணை நடந்ததா: இவையே கேட்க வேண்டியவை. நான்கில் எதுவும் விசையை அழுத்தும் அந்த நொடியில் மட்டும் பார்த்து முடிகிற விஷயமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். தீர்ப்பு காகிதத்தில் அழகாக இருக்கிறது, களத்தில் யார் சரிபார்த்தார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

யார் உயிரின் மேல் ஆபத்தை ஏற்றுவது?

அந்த நான்கில் மூன்றாவது கேள்வி, சேதத்தையும் ராணுவப் பலனையும் எடைபோடும் அளவுக் கணக்கு, உண்மையில் கணக்கே கிடையாது. 2002 ஜூலையில் காசாவில் ஹமாஸின் ராணுவப் பிரிவுத் தலைவர்களில் ஒருவர் இருந்த வீட்டின் மேல் இஸ்ரேல் ஒரு டன் குண்டு போட்டது. அவர் இறந்தார். அந்த நெருக்கமான குடியிருப்பில் குழந்தைகள் உட்படப் பத்துப் பேருக்கும் மேல் சேர்ந்து இறந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து இஸ்ரேல் அமைத்த விசாரணைக் குழுவே, விளைவு அளவுக்கு மீறியது என்று 2011ல் ஒப்புக்கொண்டது. உளவுத் தகவலில் கோளாறு, வேண்டுமென்று செய்யவில்லை என்றும் எழுதியது. ‘எதிர்பார்த்த’ சேதத்தை வைத்துத்தான் சட்டம் அளக்கிறது, நடந்த சேதத்தை வைத்து இல்லை. ஆக, மறுபடியும் முந்தைய மணிநேரங்களுக்கே வருகிறோம்: பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்களா, பார்க்க எவ்வளவு முயன்றார்கள்?

இங்கே சட்டம் முடியும் இடத்தில் அறம் தொடங்குகிறது. குண்டு போடாமல் வீரர்களை அனுப்பிப் பிடிக்கலாம். அக்கம்பக்கத்தார் பிழைப்பார்கள், ஆனால் வீரர்கள் சிலர் சாகலாம். ராணுவ நெறிமுறை எழுதுபவர்களில் ஒரு சாரார், சீருடை போட்டவனும் நம் குடிமகன்தான், நம் கட்டுப்பாட்டில் இல்லாத இடத்து மக்களைவிட அவன் உயிருக்கே அரசு முன்னுரிமை தரலாம் என்கிறார்கள். மற்றவர்களின் பதில்: ஆயுதம் ஏந்தியவன் ஆபத்தை ஏற்றுக்கொண்டவன், தொட்டிலில் தூங்கும் குழந்தை எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தை எந்த நாட்டுக் குழந்தை என்பதை வைத்து எவ்வளவு ஜாக்கிரதையாக இருப்பது என்று முடிவுசெய்தால், போராளி, பொதுமக்கள் என்ற வேறுபாடே கரைந்துவிடும். நான் இரண்டாவது பக்கம். இதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது. அதே ஆள் நம் ஊர் அப்பார்ட்மெண்டில் ஒளிந்திருந்தால் ஒரு டன் குண்டு போடுவோமா?

“அவர்கள் எந்தச் சட்டத்தையும் மதிப்பதில்லை, நாம் மட்டும் ஏன்?” என்ற குரல் இந்த இடத்தில்தான் வரும். கோபம் புரிகிறது. மக்கள் நடுவே ஆயுதக் கிடங்கு வைப்பதும் மக்களைக் கேடயமாக்குவதும் குற்றம்தான். ஜெனிவாவின் பொதுப் பிரிவு ஆயுதக் குழுக்களையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் எதிரி விதியை மீறியதால் பொதுமக்கள் மீதான உன் கடமை தீராது என்று 1977ஆம் ஆண்டு இணைப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. சட்டத்தை மீறியது அந்தக் குழு. அந்தத் தெருவில் குடியிருப்பவர் எதையும் மீறவில்லையே.

பக்கத்து நாட்டுக்குள் நுழைவது

1837 டிசம்பர் இறுதியில் நயாகரா ஆற்றின் அமெரிக்கக் கரையில் நின்ற கரோலின் என்ற கப்பலுக்கு, கனடாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் படை தீவைத்து ஆற்றில் இழுத்துவிட்டது. கனடாவில் கலகம் செய்தவர்களுக்கு அந்தக் கப்பல் ஆளும் சரக்கும் கொண்டுபோனது என்பது காரணம். அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் 1841ல் எழுதிய பதிலில் ஓர் அளவுகோல் வைத்தார்: தற்காப்பு என்றால் தேவை அந்தக் கணத்தில் எழுந்ததாக, மீற முடியாததாக இருக்க வேண்டும், வேறு வழி தேடவோ யோசிக்கவோ நேரம் இருந்திருக்கக் கூடாது. 1945ல் வந்த ஐ.நா. சாசனம் பிற நாட்டின் மேல் படைபலம் பயன்படுத்துவதைத் தடுத்து, ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காப்பு உண்டு என்று 51ஆவது பிரிவில் விலக்குக் கொடுத்தது.

தாக்கியது அரசு இல்லை, அந்த நாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழு என்றால்? 2001 செப்டம்பர் 12 அன்று பாதுகாப்பு கவுன்சிலின் 1368ஆம் தீர்மானம் தற்காப்பு உரிமையை நினைவூட்டியபோது, அப்படிப்பட்ட குழுவுக்கு எதிராகவும் தற்காப்பு செல்லும் என்றே பலர் படித்தார்கள். சர்வதேச நீதிமன்றம் 2004ல், பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் கட்டிய சுவர் பற்றிய ஆலோசனைக் கருத்தில், 51ஆவது பிரிவு ஓர் அரசு இன்னோர் அரசைத் தாக்குவதைப் பற்றியது என்ற பார்வையை எடுத்தது. சில நீதிபதிகள் அதில் உடன்படவில்லை. 2014 செப்டம்பரில் சிரியாவுக்குள் ஐ.எஸ். மீது தாக்குதல் தொடங்கிய அமெரிக்கா, அந்த அரசுக்குத் தடுக்க மனமில்லை அல்லது முடியவில்லை என்றால் நாங்கள் நுழையலாம் என்று ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதியது. மனமில்லை, முடியவில்லை என்று தீர்மானிப்பது யார்? நுழைய விரும்பும் நாடேதான். இந்த வாதத்தின் பலவீனம் அங்கே இருக்கிறது.

டிக் டிக் குண்டு

சித்திரவதை பற்றிச் சட்டத்தில் குழப்பமே கிடையாது. 1984 உடன்படிக்கை போர், அவசரநிலை, எதையும் சாக்காக ஏற்காது. குழப்பம் நம் கற்பனையில். நகரில் குண்டு இருக்கிறது, வைத்தவன் நம் கையில், இன்னும் ஒரு மணி நேரம்தான். அடித்தால் சொல்வான். என்ன செய்வீர்கள்?

இந்தக் கதையில் எல்லாமே முன்கூட்டித் தெரிந்திருக்கிறது: குண்டு இருப்பது, இவன்தான் வைத்தான் என்பது, அடித்தால் உண்மை சொல்வான் என்பது. நிஜத்தில் தெரியாமல் போவதே இவை மூன்றும்தான். 2001 இறுதியில் பிடிபட்ட இப்ன் அல்-ஷேக் அல்-லிபி என்ற கைதி எகிப்துக்கு அனுப்பப்பட்டு விசாரிக்கப்பட்டபோது, அல்-கய்தாவுக்கு ஈராக் ரசாயன ஆயுதப் பயிற்சி தந்தது என்றார். 2003 பிப்ரவரியில் பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்கா ஈராக் போருக்காக வாதாடியபோது அந்த வாக்குமூலமும் மேசைக்கு வந்தது. பின்னர் அவர் அதை மறுத்துவிட்டார். வலி நிற்க வேண்டும் என்பதற்காக, கேட்பவர்கள் விரும்பியதைச் சொல்லியிருக்கிறார்.

இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 1999 செப்டம்பரில், கைதியைப் பிடித்து உலுக்குவது, வலிக்கும் நிலையில் கட்டி உட்காரவைப்பது போன்ற முறைகளைத் தடைசெய்தது. ஒரு கை பின்னால் கட்டிய நிலையில் போராடுவதுதான் ஜனநாயகத்தின் விதி என்று தலைமை நீதிபதி அஹரோன் பராக் எழுதியது அந்தத் தீர்ப்பில்தான். கூடவே ஒரு கதவையும் விட்டுவைத்தார்கள். உண்மையான டிக் டிக் குண்டு நேரத்தில் எல்லை மீறிய அதிகாரி, தன் மேல் வழக்கு வந்தால் ‘வேறு வழியில்லை’ என்று அங்கே வாதாடலாம். முன் அனுமதி கிடையாது, பின்னால் பதில் சொல்லலாம். அந்தக் கதவு நடைமுறையில் ரொம்ப அகலமாகத் திறந்துவிட்டது என்று மனித உரிமை அமைப்புகள் இன்றும் சண்டை போடுகின்றன.

இதைவிடக் கடினமான கேள்வி ஜெர்மனியில் வந்தது. கடத்தப்பட்ட பயணிகள் விமானம் கட்டடத்தில் மோதப் போகிறது என்றால் சுட்டு வீழ்த்தலாம் என்று 2005ல் அங்கே சட்டம் வந்தது. 2006 பிப்ரவரி 15 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. எப்படியும் சாகப் போகிறவர்கள்தானே என்று சொல்லி அப்பாவிப் பயணிகளை, மற்றவர்களைக் காப்பாற்றும் வெறும் கருவியாக அரசு ஆக்க முடியாது என்றது. இந்தத் தீர்ப்போடு பலருக்கு ஒப்புதல் இல்லை. எனக்கே தரையில் இருப்பவர்களை நினைத்தால் தயக்கம் வருகிறது. ஆனால் தீர்ப்பில் தத்துவத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நடைமுறை விஷயமும் இருக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் விமானத்துக்குள் என்ன நடக்கிறது என்று தரையில் இருப்பவருக்கு உறுதியாகத் தெரியாது. ஊகத்தை வைத்துத்தான் சுட உத்தரவிட வேண்டியிருக்கும். துருப்பிடித்த ஏரியல் நினைவுக்கு வருகிறதா?

இன்னொரு வெள்ளைக் கார்

2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் விமான நிலைய வாசலில் தற்கொலைத் தாக்குதல். 13 அமெரிக்கப் படையினரும் ஏராளமான ஆப்கானியர்களும் இறந்தார்கள். அடுத்த தாக்குதல் வரப்போகிறது, வெள்ளை டொயோட்டா கரோலாவைத் தேடுங்கள் என்று உளவுத் தகவல். காபூலில் அந்தக் கார் மூலைக்கு மூலை ஓடும்.

ஆகஸ்ட் 29 அன்று அப்படி ஒரு காரை அமெரிக்க ராணுவத்தின் ட்ரோன் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தது. ஓட்டியவர் ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர். அலுவலகம் போனார், சக ஊழியர்களை ஏற்றி இறக்கினார், தண்ணீர் கேன்களைக் காரில் ஏற்றினார். மேலிருந்து பார்த்தவர்களுக்குக் கேன்கள் வெடிமருந்தாகத் தெரிந்தன. கார் வீட்டு முற்றத்துக்குள் வந்து நின்றபோது ஏவுகணை விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள், ஏழு பேர் குழந்தைகள். இரண்டாவதாக ஒரு வெடிப்பும் கேட்டது, அதனால் காரில் குண்டு இருந்தது உறுதி என்று முதலில் சொன்னார்கள். அது பக்கத்தில் இருந்த கேஸ் சிலிண்டராக இருக்கலாம் என்று பிறகு தெரிந்தது. செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள்.

அமெரிக்க விமானப்படையின் தலைமை ஆய்வாளர் விசாரித்து நவம்பரில் முடிவைச் சொன்னார். போர்ச் சட்டம் மீறப்படவில்லை. முதலிலேயே ஒன்றை முடிவுசெய்துகொண்டு, பார்ப்பதையெல்லாம் அதற்கு ஆதாரமாகவே பார்த்திருக்கிறார்கள். தகவல் பரிமாற்றத்திலும் கோளாறு. இனிமேல் இந்த மாதிரி நேரத்தில், “இது குண்டாக இல்லாவிட்டால்?” என்று எதிர்க்கேள்வி கேட்பதற்கென்றே சிலரை உட்காரவைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஜிப்ரால்டர் தீர்ப்பில் இருந்ததும் இதே குறைதான், கால் நூற்றாண்டுக்கு முன்பே. டிசம்பரில், யார் மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று அறிவித்தார்கள்.

ஆய்வாளர் வீடியோவைத் திரும்பப் பார்த்தபோது, ஏவுகணை கிளம்புவதற்கு இரண்டு நிமிடம் முன்பு அந்த இடத்தில் ஒரு குழந்தை தெரிந்தது. சட்டென்று கண்ணில் படாது, தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.